சங்கு ஊதினால் வருகிறவர்கள்

ஐந்து பேரைப் பற்றி நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களை நான் பார்த்ததில்லை, பெயர்களைத் தேடித் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆந்த்ரசைட் நிலக்கரி மலைகளுக்கு நடுவே இருந்த சென்ட்ரேலியா என்ற சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1962 மே 27, ஞாயிற்றுக்கிழமை, ஊர்மன்றம் கேட்டுக்கொண்டபடி ஊரின் குப்பைக் குழிக்குத் தீ வைத்தார்கள். மூன்று நாளில் போர்வீரர் நினைவு நாள் வரவிருந்தது. குழியோ ஆட் ஃபெலோஸ் இடுகாட்டை ஒட்டி இருந்தது. கல்லறைகளில் பூ வைக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்படி ஆகிவிடக் கூடாதே என்று மன்றத்தார் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். குப்பையை எரியவிட்டார்கள், தண்ணீர் பாய்ச்சி அணைத்தார்கள், குழாய்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குழியின் அடியில், குப்பை மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு பொந்து, கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் திறந்திருந்தது. அதன் வழியே தீ நிலக்கரிப் படுகைக்குள் இறங்கிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னும் எரிகிறது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதைச் சொல்லிவிடலாம். சொன்னவர்களும் உண்டு. அந்தப் பழமொழியை இந்த ஐந்து பேர்மீது வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேய்கிற வேலிக்கு வயிறு நிறைகிறது. இவர்களுக்கு என்ன கிடைத்தது? ஊர் ஒரு வேலை சொன்னது, செய்தார்கள். முந்தைய ஆண்டுகளிலும் இதே நாளை ஒட்டி, இதே முறையில், வேறு இடங்களில் கிடந்த குப்பையை எரித்து அணைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. வழக்கம் பழையது, குழி மட்டும் புதிது. ஊரைச் சுற்றிக் கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதைத் தடுக்க, அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் மன்றம் ஒரு பழைய திறந்தவெளிச் சுரங்கப் பள்ளத்தைக் குப்பைக் கிடங்காக ஆக்கியிருந்தது. அதுவும் நல்ல எண்ணத்தில் செய்ததே. இதில் தீயவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. எல்லாரும் ஊருக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள், ஊர் அழிந்தது. என்னை உறுத்துவது இதுதான். நல்லெண்ணம் அழிவில் முடிந்தது என்று பெருமூச்சோடு நகர்ந்துவிட முடியும். ஆனால் அந்தக் குழு என்னவாக இருந்தது, எதைச் செய்யப் பழகியிருந்தது, எதைச் செய்யப் பழகவே இல்லை என்று கேட்கத் தொடங்கினால் நகர முடியவில்லை.

இந்தக் குழுக்களின் கதை அதே மாநிலத்தில், பிலடெல்ஃபியாவில் தொடங்குகிறது. 1735இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் செய்தித்தாளில் ஒரு கிழவர் எழுதுவதுபோல ஒரு கடிதம் வெளியிட்டார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கங்கு கொண்டுபோகும்போது மூடி எடுத்துச் செல்லுங்கள், படிக்கட்டில் ஒரு பொறி விழுந்து கிடந்தால் நள்ளிரவில்தான் தெரியும் என்பது போன்ற அறிவுரைகள். அடுத்த ஆண்டு டிசம்பர் 7 அன்று அவரும் நண்பர்களும் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும், வாயில் கயிறு கோத்த முரட்டுத் துணிப் பைகளும் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பை எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிக்கொண்டு வர. மாதம் ஒரு மாலை கூடிப் பேசுவார்கள். கூட்டத்துக்கு வராதவர் அபராதம் கட்ட வேண்டும். அந்தச் சிறு அபராதங்களைச் சேர்த்துத்தான் நீரிறைக்கும் வண்டியும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள் என்று ஃபிராங்க்ளின் பின்னாளில் நிறைவோடு எழுதியிருக்கிறார். இந்த அபராதத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. வராமல் போனதற்குத் தண்டனை. வருவதுதான் அறம், வராமல் இருப்பது மட்டுமே குற்றம். இப்படித் தொடங்கிய ஒரு மரபு அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் ஒன்றை மிக நன்றாகக் கற்றுக்கொண்டது: அழைத்தால் ஓடிவருவது. அதற்காக அது படைத்துக்கொண்ட கருவிகளையும் சடங்குகளையும் பார்த்தால் மனம் நெகிழாமல் இருக்காது. அழைப்பவர் கேட்பது தவறாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விதி எதுவும் இல்லை.

ஓடிவருவதற்கான கருவிகளைக் கொஞ்சம் சொல்ல ஆசை. மின்சாரச் சங்கு வருவதற்கு முன்பு பல ஊர்களில் ரயில் எஞ்சின் சக்கரத்தின் எஃகு வளையம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, சம்மட்டியால் அடிப்பார்கள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பிறகு தீயணைப்பு நிலையக் கூரையில் சங்கு வந்தது. அது ஏறி இறங்கி ஊளையிடும்போது கடைக்காரர் கல்லாவை மூடுவார், முடிதிருத்துகிறவர் பாதி வெட்டிய தலையை விட்டுவிட்டு ஓடுவார், இரவு ஷிப்ட் முடிந்து படுத்தவர் எழுந்து காலணி தேடுவார். சுரங்க ஊர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. ஷிப்ட் முறையில் வேலை நடந்ததால் எந்த நேரத்திலும் ஆண்களில் ஒரு பகுதியினர் ஊரில் இருப்பார்கள். இடுப்பில் செருகும் பேஜர் பிறகு வந்தது. இன்றும் பென்சில்வேனியாவில் தன்னார்வலர்கள் சொந்தக் காரில் ஒரு நீல விளக்கைப் பொருத்திக்கொள்கிறார்கள். சட்டப்படி அது வழிவிடச் சொல்லிக் கட்டளையிடும் விளக்கு இல்லை. பின்னால் வருகிறவர் யார் என்று தெரிவிக்கும், அவ்வளவுதான். தெரிந்தால் ஊர்க்காரர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள் என்ற நம்பிக்கையில் அது எரிகிறது. புது வண்டி வாங்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லாரும் சேர்ந்து கையால் தள்ளி நிலையத்துக்குள் கொண்டுபோகிறார்கள். குதிரை வண்டிக் காலத்தில் அப்படித்தான் பின்னோக்கித் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. அந்த நினைவை எஞ்சின் வந்து நூறாண்டு ஆன பின்னும் உடம்பால் காப்பாற்றுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் இறந்தால் வானொலியில் அவருடைய எண்ணைச் சொல்லி அழைப்பார்கள். பதில் வராது. மறுபடி அழைப்பார்கள். பதில் வராது. அவர் பணியை முடித்துக்கொண்டார் என்று அறிவித்து அலைவரிசையை மூடுவார்கள்.

வண்டி நிற்கும் கூடத்தைவிடப் பெரியது பெரும்பாலும் அதை ஒட்டிய மண்டபம். நிலக்கரிப் பகுதியில் தேவாலயங்கள் வந்த நாட்டை ஒட்டிப் பிரிந்திருந்தன. ஐரிஷ்காரர்களுக்கு ஒன்று, உக்ரைனியர்களுக்கு ஒன்று, போலந்துக்காரர்களுக்கு ஒன்று. ஞாயிறு காலையில் பிரிந்து போனவர்கள் வெள்ளி இரவில் கூடும் இடம் தீயணைப்பு மண்டபமாக இருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் கொதிக்கும், மீன் பொரியும். உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிகளை மகளிர் குழுவினர் மேசை மேசையாக அமர்ந்து மடித்துக் கொடுப்பார்கள். மாவு படிந்த அந்தக் கைகள்தான் பல ஊர்களில் தீயணைப்பு வண்டிக்கு மாதத் தவணை கட்டின என்று சொன்னால் மிகை இல்லை. பிங்கோ நடக்கும், கோழி சுட்டு விற்பார்கள், கோடையில் பொருட்காட்சி போடுவார்கள். திருமண விருந்தும் அங்கேதான், இடுகாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குச் சாப்பாடும் அங்கேதான், வாக்குச்சாவடியும் பல ஊர்களில் அங்கேதான். தீ என்பது ஆண்டில் சில இரவுகளின் விஷயம். மற்ற நாளெல்லாம் அந்தக் குழு ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்தது. அப்படி இருப்பதால்தான் நெருப்புக்குள் போக ஆள் கிடைத்தார்கள். முகம் தெரியாத ஊருக்காக யாரும் கூரையில் ஏற மாட்டார்கள். கூடவே உட்கார்ந்து பியரோகி சாப்பிட்டவரின் கூரை என்றால் ஏறுவார்கள்.

இந்த இடத்தில்தான் என் சந்தேகம் தொடங்குகிறது. தெரிந்தவருக்காக ஓடுகிற கால், தெரியாதவருக்காக, வேண்டாதவருக்காக ஓடுமா? 1818இல் பிலடெல்ஃபியாவின் கறுப்பின மக்கள் சிலர் தங்களுக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்க முயன்றார்கள். வெள்ளையர் குழுக்கள் எதிர்த்தன. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடும் உரிமைகூடக் குடியுரிமையின் ஒரு துண்டு என்பதை எதிர்த்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அந்த முயற்சி கைவிடப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 1838 மே 17 இரவு, அடிமைமுறையை எதிர்த்தவர்கள் கட்டித் திறந்து சில நாளே ஆன பென்சில்வேனியா மண்டபத்துக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. தீயணைப்புக் குழுக்கள் வந்தன. தாமதமில்லாமல் வந்தன. அக்கம்பக்கத்துக் கட்டடங்கள்மீது தண்ணீர் பீய்ச்சிக் காப்பாற்றின. எரிந்துகொண்டிருந்த மண்டபத்தின் மீது பீய்ச்சவில்லை. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரவு முழுக்க எரிந்து சுவர்கள் மட்டும் மிஞ்சின. மறுநாள் கும்பல் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஆதரவில்லம் ஒன்றைத் தேடிப் போனது. அங்கே குட்வில் என்ற தீயணைப்புக் குழு குறுக்கே நின்று அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே நகரம், அடுத்தடுத்த நாள், ஒரே வகையான மனிதர்கள், ஒரே வகையான குழாய். இந்த இரண்டு இரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் தன்னார்வத் தீயணைப்பைப் புகழ என்னால் முடியாது. தண்ணீருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. குழாயைப் பிடித்தவரின் மனம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போகும். அவர் மனமோ பெரும்பாலும் ஊரின் மனம். குட்வில் குழுவினர் அன்றைக்குச் செய்தது, அந்த மரபில் யாரும் கற்றுத்தராத ஒன்று. தங்கள் தெருவின் கோபத்துக்கு எதிராகத் தங்கள் உடம்பை நிறுத்தினார்கள்.

சென்ட்ரேலியாவில் கும்பல் எதுவும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதனால் எதிர்த்து நிற்பது இன்னும் கடினம் என்று தோன்றுகிறது. குழியைப் பார்வையிட்ட மாநில அதிகாரி ஒருவர் அதன் பக்கச் சுவர்களிலும் அடியிலும் இருந்த ஓட்டைகளைக் கவனித்து, எரியாத பொருளால் அடைக்கச் சொல்லியிருந்தார். அடைத்தவை போக, வடக்குச் சுவரின் அடியில் ஒன்று விடுபட்டுப்போனது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை மாநிலச் சட்டமும் அனுமதிக்கவில்லை. மே மாதத் தொடக்கத்து மன்றக் கூட்டத்தில் இதை எப்படிச் செய்து முடிப்பது என்று பேசியவர்கள் அனைவரும் அக்கம்பக்கத்தினர். கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ஒரே மண்டபத்தில் ஒரே எண்ணெயில் பொரித்த மீனைச் சாப்பிட்டவர்கள். ஐவரில் ஒருவர், “இது நம் வேலை இல்லை, சட்டமும் இடம் தரவில்லை, பொந்துகளை முழுசாக அடைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முறைத்துக்கொண்டிருப்பார்கள். நினைவு நாள் நெருங்கும்போது முரண்டு பிடிக்கிறான் என்று பேசியிருப்பார்கள். சம்பளம் வாங்குகிற ஆளாக இருந்தால் விதிப் புத்தகத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்காதவரிடம் விதிப் புத்தகம் இல்லை, உறவு மட்டுமே இருக்கிறது. அந்த உறவுதான் அவரை நெருப்புக்குள் அனுப்புகிறது, மறுக்க முடியாமல் தடுப்பதும் அதே உறவுதான்.

இரண்டு நாளில், மே 29 அன்று, குழியில் மீண்டும் தீ தெரிந்தது. மறுபடி வந்து அணைத்தார்கள். ஜூன் 4 அன்று மறுபடியும். இந்த முறை புல்டோசர் கொண்டு குப்பையைக் கிளறிக் கிளறி, மறைந்திருந்த அடுக்குகளில் தண்ணீர் விட்டார்கள். சில நாள் கழித்துத்தான் அந்தப் பொந்து கண்ணில் பட்டது. அகலம் ஏறக்குறைய பதினைந்து அடி. அந்தக் கணத்தில் குழாயோடு நின்றவரை நினைத்துப் பார்க்கிறேன். எரிந்த கந்தல், புளித்துப்போன சாம்பல், ஈரக் குப்பையின் ஆவி. அதன் நடுவே ஆளை விழுங்கும் அளவுக்கு ஓர் இருட்டு. நிலக்கரி ஊரில் பிறந்தவருக்கு அந்த இருட்டு எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலையில் அந்தப் பகுதியில் கெட்ட நாற்றம் அடிப்பதாகப் புகார் வந்தது. ஆகஸ்டில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்தான அளவில் கண்டறியப்பட்டுச் சுற்றுவட்டாரச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலத்துக்குச் சொந்தக்காரரான லீஹை பள்ளத்தாக்கு நிலக்கரி நிறுவனத்துக்கு ஊர்மன்றம் கடிதம் எழுதியது. தீ எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை என்பதே அதன் சாரம். ஊரே பார்த்த தீ. அதை அணைக்க ஊரின் குழு மூன்று முறை போயிருக்கிறது. ஆனாலும் ‘காரணம் தெரியவில்லை’.

அந்தக் கடிதத்தை எழுதியவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. சட்டத்தை மீறியது வெளிப்பட்டால் அரசு உதவி கிடைக்காமல் போகலாம். ஐந்து ஊர்ப்பிள்ளைகள்மீது பழி விழலாம். அவர்களைக் காப்பாற்றவே அப்படி எழுதினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அதுவும் அதே மண்டபத்தின் அன்புதான். ஓடிவரச் செய்த அன்பு, மறுக்க விடாமல் செய்த அன்பு, இப்போது உண்மையை மூடி வைக்கிற அன்பு. மூன்றையும் பிரித்து, இது நல்லது, அது கெட்டது என்று என்னால் தனித்தனியாக வைக்க முடியவில்லை. இவ்வளவு நாளாக நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த முடிச்சைத்தான். உள்ளூர்த்தன்மை என்று நாம் எழுத்தில் ஏங்குகிற ஒன்று இருக்கிறதே, ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர், காசு வாங்காத உழைப்பு, அரசைக் கேட்காமல் தானே செய்துகொள்ளும் சமூகம், அதன் உள்ளேயே இந்தப் பொந்து இருக்கிறதா? அப்படி இருந்தால் அதற்காக அதை வேண்டாம் என்றுவிட முடியுமா?

அரசைக் கேட்டிருந்தாலும் தீ அணைந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. தோண்டியெடுக்கும் கரியைத் தனக்கே விட்டுக்கொடுத்தால் இலவசமாகவே தீயை வெட்டி எடுத்துவிடுகிறேன் என்று தொடக்கத்திலேயே ஒரு சுரங்கக்காரர் சொன்னதாக இந்தத் தீயின் வரலாற்றை எழுதிய டேவிட் டிகாக் பதிவு செய்திருக்கிறார். அதை ஏற்கவில்லை. மாநில அரசு ஆகஸ்டில் ஒப்பந்தம் விட்டுத் தோண்ட ஆரம்பித்தது. தீயின் எல்லையைத் துளையிட்டுக் கண்டறிய அனுமதி இல்லை. தோண்டத் தோண்டச் சுரங்க அறைகள் திறந்து காற்று உள்ளே போனது, தீ முன்னைவிட வேகமாக ஓடியது. பணம் தீர்ந்ததும் வேலை நின்றது. பிறகு நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு கலந்து உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துபோயின. பிறகும் ஆண்டுக்கணக்கில் இப்படியே: சரியான வேலையைக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைந்த பணத்தில். விதிப் புத்தகம் வைத்திருந்தவர்களும் தோற்றார்கள். தீயணைப்புக் குழுவோ வேறு விதத்தில் கையற்றுப் போயிற்று. அதன் அறிவு முழுவதும் விடிவதற்குள் முடிந்துவிடுகிற தீக்கானது. சங்கு ஊதும், ஓடுவோம், அணைப்போம், காலையில் காபி குடிப்போம். காலுக்கு அடியில் ஓசையில்லாமல், பனி விழுந்த இடத்தில் பனியைத் தங்கவிடாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்கிற தீக்கு எந்த நேரத்தில் சங்கு ஊதுவது? யார் வீட்டுக்கு ஓடுவது?

1979இல் பெட்ரோல் நிலையம் வைத்திருந்த ஊர் மேயர், நிலத்தடித் தொட்டியின் அளவு பார்க்கக் கோலை விட்டு எடுத்தபோது கோல் சுட்டது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். 172 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, ஏறக்குறைய 78 செல்சியஸ். 1981 பிப்ரவரி 14 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் காலடியில், பாட்டி வீட்டுக் கொல்லையில், நிலம் திறந்தது. நாலடி அகலம், 150 அடி ஆழம். மரத்தின் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனைப் பதினான்கு வயது அத்தை மகனோ மாமன் மகனோ ஒருவன் கையைக் கொடுத்து இழுத்துப் போட்டான். அந்த ஊரில் நான் படித்த மீட்புகளிலேயே மிகத் தூய்மையானது அது. பேஜரும் சங்கும் இல்லாமல், அருகில் இருந்தவன் கை கொடுத்தான். தன்னார்வம் என்று நாம் சொல்வதெல்லாம் அடிப்படையில் இந்தக் கைதான். பிறகு வருகிற வண்டி, மண்டபம், அணிவகுப்பு எல்லாம் இந்தக் கை நீண்டுகொண்டே இருப்பதற்கான ஏற்பாடு.

நிலத்தடித் தீ ஊரையும் இரண்டாகப் பிளந்தது. போகலாம் என்றவர்கள், போக மாட்டோம் என்றவர்கள். தீ தன் வீட்டுக்குக் கீழே இருக்கிறது என்றவர்கள், அப்படி எதுவும் இல்லை, கரியைக் கொள்ளையடிக்கத்தான் இந்த நாடகம் என்றவர்கள். எரியும் வீடு எல்லாருக்கும் தெரியும், அதனால் ஊர் ஒன்றாக ஓடும். எரிகிறதா இல்லையா என்பதே கருத்தாகிவிட்ட பிறகு ஒன்றாக ஓட எதுவும் மிஞ்சவில்லை. 1983 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் 345 பேர் வெளியேறலாம் என்றார்கள், 200 பேர் வேண்டாம் என்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. வீடுகளை வாங்கி இடித்தார்கள். 1960 கணக்கெடுப்பில் 1,435 பேர் இருந்த ஊரில் 1990இல் 63 பேர். 2020இல் ஐந்து பேர். 2002இல் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் ரத்து செய்துவிட்டார்கள். மலைமேல் உக்ரைனியரின் வெள்ளைத் தேவாலயம் மட்டும் பாறைமீது நிற்பதால் தப்பியது. ஊரை விட்டுப் போனவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வழிபாட்டுக்கு வருகின்றன.

ஐவர் வைத்த தீதானா இது என்பதிலும் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை. அதே வட்டாரத்தில் வேர் கொண்ட ஜோன் குயிக்லி எழுதிய நூலில், முதல் நாள் குப்பை வண்டியில் வந்து கொட்டிய சூடான சாம்பலிலிருந்து பிடித்திருக்கும் என்ற கருத்து இருக்கிறது. 1930களிலேயே அருகில் இருந்த சுரங்கத் தீ ஒன்று அணையாமல் தொடர்ந்தது என்பவர்களும் உண்டு. அந்த ஐவர் நிரபராதிகளாக இருந்துவிட மாட்டார்களா என்று இவற்றைப் படிக்கும்போது மனம் தவிக்கிறது. ஆனாலும் மன்றக் கூட்டம், மூன்று முறை பாய்ச்சிய தண்ணீர், விடுபட்ட பொந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டிகாக் சொல்வதே எனக்கு வலுவாகத் தெரிகிறது. சாம்பல் கதையே உண்மையாக இருந்தாலும் என் கேள்வி மாறவில்லை. குழியை எரிக்கச் சொன்னபோது எரித்தார்களா என்பதைவிட, சொன்னால் எரிப்பவர்களாக அவர்களை ஆக்கியது எது என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியோடு ஊர் ஊராகக் குழுக்கள் மெலிந்துவருவதைப் பார்க்கும்போது பதைபதைப்பாக இருக்கிறது. 1970களில் பென்சில்வேனியாவில் மூன்று லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்ததாகவும், இப்போது 38,000 பேர்தான் என்றும் 2018இல் மாநில சட்டமன்றத்தின் ஆய்வுக்குழு அறிக்கை கூறியது. சுரங்கம் மூடியதும் வேலை வெளியூருக்குப் போனது. பகலில் சங்கு ஊதினால் ஊரில் இருப்பவர்கள் முதியவர்கள். பணியின்போது இறக்கும் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொல்வது மாரடைப்பு. தீயும் மாறிவிட்டது. மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறையில் எல்லாப் பொருளும் ஒருசேரப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய நுரைமெத்தையும் பிளாஸ்டிக்கும் உள்ள அறை நான்கு நிமிடத்துக்குள் அந்த நிலையை எட்டியது. அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் இரண்டு அறைகளையும் எரித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. நான்கு நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர் பக்கத்துத் தெருக்காரர் மட்டுமே, அவரும் வேலைக்குப் போயிருக்கிறார். இருந்தும் அமெரிக்காவின் தீயணைப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் சம்பளம் இல்லாதவர்கள். சிற்றூர்களில் அவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். சென்ட்ரேலியாவின் ஐவரைக் குற்றவாளிகள் என்று என் கை எழுதாது. அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டதைச் செய்தார்கள், தவறியது தெரிந்ததும் இரண்டு முறை திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தக் கடிதம் குற்றம். தீ எப்படிப் பிடித்தது என்பதை அன்றே ஒளிக்காமல் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் தீ அணைந்திருக்குமா என்பது வேறு விஷயம், அடுத்த ஊரின் குழுவுக்காவது பழைய சுரங்கக் குழியில் தீ வைக்காதே என்ற எச்சரிக்கை உரிய நேரத்தில் போயிருக்கும். தன்னார்வலர்களை வைத்திருக்கிற ஊர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர்களுக்கு வண்டி வாங்கிக் கொடுங்கள், மண்டபத்தில் போய்ச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். அதோடு, ஊர் சொல்லும் வேலையை முடியாது என்று மறுக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள். மறுத்த பிறகும் அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களோடு ஒரே மேசையில் உட்காருங்கள்.